கர்ப்ப ஸ்திரீகளின் இரத்த அழுத்தம்
(மேச்சேரி ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



தவணையும் வட்டியும் பேச வருகிற இன்ஸ்பெக்டர் கர்ப்ப ஸ்திரீகளைக் குறித்துப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். ஒரு தாய் மாண்டால் அக்குடும்பத்தின் ஜீவனமே குலைகிறது. கடன் கணக்கெல்லாம் அதற்குப் பின்புதான்.

பிரசவ ஜன்னி என்று நம் பாட்டிமார் அஞ்சிய வலிப்புக்கு முன்பு பெரும்பாலும் இரத்த அழுத்தம் ஏறுகிறது. கர்ப்பம் 20 வாரங்களைக் கடந்தபின் அழுத்தம் 140-க்கு 90 என்னும் அளவை எட்டி, சிறுநீரில் புரதமும் காணுமாயின் வைத்தியர்கள் அதனைப் பிரீஎக்ளாம்ப்சியா என்பர். 34 வாரம் நிறையுமுன் தோன்றுவது மிகக் கொடிது. நஞ்சுக்கொடிக்கு இரத்தம் கொணரும் குழாய்கள் ஆதியிலேயே செவ்வனே விரியாமையால் சிசு மெலிகிறது. தாயின் ஈரலும் மூளையும் பழுதடையலாம். பிரசவமே இதற்குத் தீர்வு. ஆனால் 30 வாரத்துச் சிசுவைக் காப்பது எளிதன்று. ஆகவே இன்னும் காத்திருப்பதா, கூடாதா என்று வைத்தியர் நாள்தோறும் நிறுத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

முந்தின கர்ப்பத்தில் இது கண்டவளுக்கே அபாயம் மிகுதி. முன்னமே இரத்த அழுத்தம், நீரிழிவு, மூத்திரக்காய் நோய் உள்ளவர்களும், இரட்டைக் கர்ப்பமுடையவர்களும் அவ்வாறே. தலைப்பிரசவம், ஸ்தூல சரீரம், தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் வந்திருத்தல் ஆகியவற்றையும் நர்ஸம்மாளிடம் மறையாது சொல்லவேண்டும்.

ஆரம்பத்தில் இது வலியோ வேதனையோ காட்டாது என்பதே பெரிய மோசம். செம்மறிக் கிடாயை வாங்குமுன் பல்லைப் பிடித்துப் பார்க்கும் நாம், வீட்டுப் பெண்ணின் அழுத்தத்தைப் பாராதிருக்கலாமா? 12 வாரத்திற்குள் பதிவு செய்தால், அபாயமுள்ளவர்களுக்கு வைத்தியர் சிறிதளவு ஆஸ்பிரின் கொடுக்கக்கூடும். 2017-ல் வெளியான ஒரு சோதனையில், அபாயம் மிகுந்த ஸ்திரீகளில் 37 வாரத்திற்கு முன் இந்நோய் கண்டவர்கள் நூற்றுக்கு 4.3-லிருந்து 1.6 ஆகக் குறைந்தனர். இதனைத் தாமாகவே கடையில் வாங்கி உண்ணலாகாது.

சென்னை எழும்பூர் ஆஸ்பத்திரியின் டாக்டர் கிருஷ்ண மேனன், வலிப்புக்கு மூன்று மருந்துகளைச் சேர்த்தளிக்கும் சிகிச்சையை 1961-ல் வெளியிட்டார். 1995-ல், இந்தியாவும் சேர்ந்த பல தேசச் சோதனையொன்றில், வலிப்பு மீண்டும் வராமல் தடுப்பதில் மக்னீசியம் சல்பேட்டு மற்ற இரண்டு மருந்துகளினும் மேலென்று தெளிந்தது. இன்று அதுவே முதல் மருந்து.

ஓயாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென முகம் வீங்குதல் இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று இராமல் 108-க்குச் சொல்லி அனுப்புக. குழந்தை பிறந்தபின்னும் சில நாட்கள் வலிப்பு வரக்கூடுமாதலால், வீடு திரும்பிய முதல் வாரத்திலும் அழுத்தம் பார்க்கச் செய்க.