ஏரி காத்தால் ஊர் காக்கும்
(பாகூரில் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2024 நவம்பர் 30 அன்று கரைகடந்த பெஞ்சல் புயலை மறந்திருக்க மாட்டீர்கள். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. சாத்தனூர் அணை திறக்கப்படவே, தென்பெண்ணை பெருகிப் பாகூர் வயல்களை மூழ்கடித்தது. வில்லியனூர்ப் பக்கம் செஞ்சியாறும் கரைபுரண்டது.

இத்தகைய பெருமழை மிகுவது ஏன்? ஊழா? அன்று! நிலக்கரியும் கன்னெய்யும் எரித்து எரித்து, மாந்தன் ஞாலத்தைக் கரிவளிப் போர்வைக்குள் புழுங்க வைத்துள்ளான். வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியாக நீராவியைத் தாங்கும். தாங்கியதை ஒருங்கே கொட்டும். கோடையிலோ நிலம் வறளும். ஆழ்துளைக் கிணறுகள் நன்னீரை உறிஞ்ச உறிஞ்ச, உயர்ந்துவரும் கடலின் உவர்நீர் நிலத்தடியில் ஏறும். வெள்ளத்தால் போவது ஒரு போகம். உவர் ஏறினால் போவது நிலமே!

இரண்டுக்கும் முன்னோர் கண்ட விடை ஏரி. பங்காரு வாய்க்கால் ஊட்டும் பாகூர் ஏரியும், வில்லியனூரை அடுத்த ஊசுட்டேரியும் பெருக்கைக் கொள்ளும், வறட்சியில் வழங்கும், நன்னீரை நிலத்தடியில் ஊறச்செய்து உவரைத் தடுக்கும். வரத்துக்கால், மதகு, கலங்கல் என்னும் சொற்களை நம் பிள்ளைகள் அறிவரா? பொருள் அழிந்தபின் சொல் எங்ஙனம் வாழும்?

புகை கக்கும் பெருநாடுகளைத் தட்டிக் கேட்போம். அவை திருந்தும்வரை காத்திராமல், வாய்க்காலைக் கவர்வோரைத் தடுப்போம், ஏரியைத் தூர்வாருவோம். எழுமின்!