பெரும்பாடும் பேசாத வாயும்

(கண்டாச்சிபுரத்தில் பேசியது)



கர்ப்பப்பைக் கட்டியைப் பற்றிச் சபையில் பேசுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். பேசாததன் பலனைத்தானே நம் பெண்கள் அனுபவிக்கிறார்கள்?

இக்கட்டி கர்ப்பப்பையின் தசையில் வளருவது. சாபமுமல்ல, செய்வினையுமல்ல. மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்கும். புற்றாவது மிக அபூர்வம். பலருக்குத் தொந்தரவே இராது. சிலருக்கோ பெரும்பாடு, அதனால் சோகை, மூச்சிரைப்பு, ஓயாத களைப்பு.

மனம் படும் பாடு அதனினும் கொடிது. நடவு வயலில் சேலை கறை படுமோ என்ற நடுக்கம். நாள்கணக்கில் "தீட்டு" என்று ஒதுக்கம். பிள்ளையில்லாவிட்டால் "மலடி" என்ற பட்டம். இத்தனையும் சுமந்து அழுபவளைப் "பேய் பிடித்தவள்" என்கிறோம். வேப்பிலை அடித்தால் இரத்தம் ஊறுமா? யோசியுங்கள்!

முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சமா? 1912-லேயே முத்துலட்சுமி அம்மையார் டாக்டரானார். இன்று பெண் டாக்டர்கள் எத்தனையோ பேர். ஸ்கேன் கட்டியைக் காட்டிவிடும். மருந்துண்டு, கட்டியை மட்டும் எடுப்பதுமுண்டு. கர்ப்பப்பையையே எடுக்க நேர்ந்தாலும் பெண் பெண்தான்.

ஆண்களே! மந்திரவாதிக்குக் கொடுக்கும் பணத்தில் பஸ் ஏறுங்கள். அதற்குமுன், "உனக்கு என்ன செய்கிறது?" என்று மனைவியைக் கேளுங்கள். அவள் சொல்வதை நம்புங்கள்.