மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில், ராணுவத்தில் உடற்பயிற்சி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பட்டாளத்துக்குப் போக ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க அண்ணாச்சி" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். வீர வசனம் எனக்கு வராது. காலைப் பற்றியும் எலும்பைப் பற்றியும்தான் பேசப் போகிறேன்.

முன்பெல்லாம் முதலில் ஓட்டம், பிறகுதான் எழுத்துத் தேர்வு. 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்தது. 2023 முதல் ராணுவத்தில் வரிசை மாறிவிட்டது. முதலில் கணினி வழித் தேர்வு. அதில் தேறியவனுக்குத்தான் மைதானம். இதனால் நம்ம பையன்கள் என்ன செய்கிறார்கள்? மாதக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கும் பொது அறிவும் படிக்கிறார்கள். முடிவு வருகிறது. சில வாரத்தில் ஆள்சேர்ப்பு முகாம். அன்றைக்குத்தான் ஷூவைத் தேடுகிறான். மறுநாள் முதல் தினமும் தார்ச்சாலையில் காலையும் மாலையும் ஓட்டம். மூன்றாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி. "அதெல்லாம் ஓட ஓடச் சரியாயிரும்லே" என்று பக்கத்தில் ஒருவன் சொல்லுவான். சரியாகாது.

ஏன் என்று கேளுங்கள். மூச்சும் இதயமும் சீக்கிரம் பழகும். ஒழுங்காக ஓடினால் ஐந்தாறு வாரத்தில் வித்தியாசம் தெரியும். தசையும் அப்படித்தான். எலும்பு அப்படியல்ல. புதுப் பாரம் ஏறினால் அது முதலில் தன் பழைய பகுதியை அரித்து எடுக்கிறது. அதற்கு இரண்டு மூன்று வாரம். பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. அது கெட்டிப்பட மூன்று மாதம், அதற்கு மேலும் ஆகும். உப்பளத்தில் பாத்தி வரப்பை வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய வரப்பு இறுகுவதற்குள் தண்ணீரைத் திறந்தால் என்ன ஆகும்? மூச்சு நன்றாக இருக்கிறது, இன்னும் ஓடலாம் என்று தோன்றுகிற அந்த மூன்றாம், நான்காம் வாரம்தான் எலும்பு பலவீனமாக இருக்கிற வாரம். அந்த வலி அப்போது விழுகிற மயிரிழை விரிசலாக இருக்கலாம்.

இது புதுச் செய்தி அல்ல. 1855-இலேயே பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நீண்ட நடைக்குப் பிறகு சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதி வைத்தார். எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது எலும்பு விரிசல் என்று தெரிந்தது. இன்றைக்கும் உலகத்தில் எல்லா ராணுவங்களிலும் புதுச் சிப்பாய்களை மூலையில் உட்கார வைக்கிற காயங்களில் இது முக்கியமானது.

முகாமில் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு ஓடித் தேறிவிட்டாய், வலி மாத்திரை போட்டுக்கொண்டு. (இதை நிறையப் பேர் செய்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். மாத்திரை வலியை மறைக்கும், விரிசலை மூடாது.) அதற்கப்புறம்தானே உண்மையான வேலை! மெட்ராஸ் ரெஜிமெண்ட் கிடைத்தால் நீலகிரி வெலிங்டனில் 31 வாரப் பயிற்சி. பூட்ஸ், முதுகில் மூட்டை, காலைத் தூக்கித் தரையில் அடிக்கிற டிரில். அங்கே சமதரை என்பதே அபூர்வம். ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். கடல் மட்டத்தில் வளர்ந்த நமக்கு 6,000 அடி உயரத்தில் முதல் சில வாரம் மூச்சு வேறு வாங்கும். ஏற்கெனவே விரிசல் விட்ட காலோடு போகிறவன் நிலைமை என்ன? மருத்துவமனைக் கட்டில், பிறகு அடுத்த அணியோடு முதலிலிருந்து. மொத்தமே நான்கு வருடம். அதன் முடிவில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரம். அதில் சில மாதத்தைக் கட்டிலில் கழிப்பது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே விண்ணப்பம் போடுகிற அன்றே நடக்கத் தொடங்குங்கள். படிப்பும் ஓட்டமும் ஒன்றாகப் போகட்டும். முதல் நான்கு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அரை மணி நேரம். மூன்று நிமிடம் மெது ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஓடும்போது பக்கத்தில் வருகிறவனோடு பேச முடிய வேண்டும். அதற்குத் தருவை மைதானத்து மண் போதும். முத்துநகர் கடற்கரையில் ஓடினால் அலை நனைத்த இறுகிய மணலில் ஓடுங்கள்; கரை சரிவாக இருப்பதால் போன வழியே திரும்பி வந்து இரண்டு காலுக்கும் சரிசமமாகப் பாரம் கொடுங்கள். உலர்ந்த மணலில் ஓடுவது சினிமாவில் நன்றாக இருக்கும். ஆரம்பத்திலேயே செய்தால் குதிகால் நரம்பு பிடித்துக்கொள்ளும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து தொடர்ந்து ஓடலாம். எட்டாம் வாரத்துக்குப் பிறகுதான் வேகம். கணக்கைப் பாருங்கள்: 2025 முகாம்களில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண், 5.45-க்குள் 48, 6 நிமிடத்துக்குள் 36, 6.15-க்குள் 24. அறுபது வேண்டுமானால் 400 மீட்டர் வட்டத்தை 82 விநாடியில், நான்கு முறை. அதனால் வாரத்தில் ஒரே ஒரு நாள், 400 மீட்டரை 85 விநாடியில் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி ஓடி, இப்படி ஐந்து தடவை. மற்ற நாட்களில் நிதானம். தினமும் நேரம் பார்த்து ஓடுகிறவன் முகாமுக்கு முன்பே களைத்துப் போகிறான்.

பட்டாளத்தில் 'பீம்' என்று சொல்கிற புல்-அப்ஸ் பத்து எடுத்தால் 40 மதிப்பெண், ஆறு எடுத்தால் 16. வலை இழுக்கிற வீட்டுப் பிள்ளைகளும் சங்குகுளிக்கிற வீட்டுப் பிள்ளைகளும் இதில் கெட்டி. இந்தக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டாலும், மூச்சடக்கிக் கயிறு பிடித்த குடும்பங்களின் கையும் தோளும் இன்னும் தெரியும். ஆனால் மூச்சடக்குவது வேறு, ஓடும்போது மூச்சு விடுவது வேறு. "நான் எட்டுப் பாகம் முங்குவேன், எனக்கென்ன ஓட்டம்" என்று வருகிறவன் மூன்றாவது வட்டத்தில் இடுப்பில் கை வைத்து நிற்பான். ஒரு பீம்கூட எடுக்க முடியாதவர்கள் ஸ்டூலில் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேல் வைத்து, ஐந்து எண்ணி மெதுவாக இறங்குங்கள். வாரம் மூன்று நாள் செய்தால் இரண்டு மாதத்தில் ஏறவும் வரும்.

கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி. ஹாக்கி ஆடுகிறவன் ஓடி, நின்று, திரும்பி, குதிக்கிறான். எலும்புக்குப் பல திசையிலும் பாரம் ஏறி அது கெட்டிப்படுகிறது. இஸ்ரேல் ராணுவத்தில் ஆராய்ந்து பார்த்தபோது, சேருவதற்கு முன் இரண்டு வருடமாவது கூடைப்பந்து மாதிரி பந்து விளையாட்டு ஆடியவர்களுக்கு விரிசல் குறைவாக வந்தது தெரிந்தது. ஆகவே முதலாண்டு மாணவனுக்கு நான் சொல்வது: இப்போதைக்கு நேரம் பார்த்து ஓட வேண்டாம், மாலையில் போய் விளையாடு.

தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. 2022 முதல் கடற்படையிலும் பெண்கள் அக்னிவீர்களாகச் சேர்ந்து, ஒடிசாவில் ஐ.என்.எஸ். சில்காவில் ஆண்களோடு பயிற்சி பெறுகிறார்கள். பெண்களுக்கு இந்த எலும்பு விரிசல் ஆண்களைவிட அதிகம் வருகிறது. இரத்தசோகையும் சேர்ந்துகொள்ளும். உடம்பு இளைக்க வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்து ஓடாதீர்கள். மாதவிலக்கு நின்றுபோனால் அது உடம்பு அடிக்கிற மணி; உடனே மருத்துவரைப் பாருங்கள். சாப்பாட்டுக்கு டப்பாப் பொடி எதுவும் வேண்டாம். கேப்பைக்கூழ், முட்டை, நிலக்கடலை, முள்ளோடு மென்று தின்கிற நெத்திலி, சாளை. நம்ம ஊரில் மலிவாகக் கிடைப்பதே எலும்புக்கு நல்லது. பையன்கள் பீடி சிகரெட்டை விட்டுவிடுங்கள். நுரையீரலை மட்டுமல்ல, எலும்பு கூடுவதையும் அது கெடுக்கிறது.

வெயில் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் வேர்வை காயாது, உடம்பு குளிராது. உடம்பு வெயிலுக்குப் பழக பத்துப் பதினான்கு நாள் ஆகும். கோடையில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். கூட ஓடுகிறவன் தள்ளாடினாலோ உளறினாலோ, ஆட்டோ வரும்வரை காத்திருக்காதீர்கள். முதலில் நிழல், சட்டையைக் கழற்றித் தலை முதல் கால் வரை தண்ணீர், விசிறல். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி. வரிசை மாறினால் உயிர் போகும்.

பழைய மாணவர்களிடம் இரண்டு கோரிக்கை. கல்லூரி மைதானத்து வேப்பமரத்தடியில் இரண்டு உயரங்களில் பீம் கம்பியும், பக்கத்தில் ஒன்பது அடிப் பள்ளமும் வேண்டும். முகாமில் பள்ளம் தாண்டுவதற்கு மதிப்பெண் இல்லை, ஆனால் தாண்டாவிட்டால் வெளியேதான். செலவு பெரிதல்ல, வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார், பார்த்துச் சிரிக்கிறார். இன்னொன்று, நம்மில் டாக்டர்கள் ஏழெட்டுப் பேராவது இருப்பீர்கள். ஓடித் தேறி மருத்துவப் பரிசோதனையில் திரும்பி வருகிற பிள்ளைகளில் பலருக்குக் காதில் அழுக்கு, சொத்தைப் பல் மாதிரி முன்பே சரிசெய்திருக்கக்கூடிய சங்கதிகள்தான். வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, விண்ணப்பம் போடுகிற மாதத்தில், இரண்டு மணி நேரம் வந்து காது, பல், கண், பாதம், முழங்கால் பார்த்துச் சொல்லுங்கள். தேதியை இன்றைக்கே செயலாளரிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.