இரப்பர்த் தோட்டமும் காடா?

(தோட்ட மக்களிடையே ஆற்றிய உரை)



நாள்தோறும் விடியுமுன் கத்தியும் வாளியும் ஏந்தி நீங்கள் நிரைக்குள் செல்கிறீர்கள். அது தோட்டமா, காடா என்று நாம் வினவினால் நகைப்பீர்கள். ஆயினும், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்தின் ஏடுகளில் இரப்பர்த் தோட்டமும் காடே. அரை ஹெக்டருக்கு மேற்பட்ட பரப்பு, ஐந்து மீட்டருக்கு மேல் வளரும் மரங்கள், நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் இலை நிழல்; இவை இருப்பின் அது காடு என்பது அந்நிறுவனம் வகுத்த இலக்கணம். பழத் தோட்டத்தையும் செம்பனையையும் விலக்கிய அந்நிறுவனம், இரப்பரைச் சேர்த்துக்கொண்டது. மறுநடவுக்காக மரங்களைச் சாய்த்த வெற்று நிலமும் அதன் கணக்கில் காடாகவே நிற்கும்!

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். நாட்டோடு நாட்டை ஒப்பிடும்போதுதான் இதன் விளைவு புலனாகும். அந்நிறுவனத்தின் 2020 ஆம் ஆண்டு அறிக்கைப்படி உலகக் காடுகள் 406 கோடி ஹெக்டர். 1990 க்கும் 2000 க்கும் இடையே ஆண்டுக்கு 78 இலட்சம் ஹெக்டர் குறைந்தது. 2010 க்குப் பிந்திய பத்தாண்டில் அது 47 இலட்சமாயிற்று. நற்செய்திதான். ஆனால் இது வரவு கழித்த செலவு. 2015 முதல் 2020 வரை ஆண்டுதோறும் அழிந்த காடு மட்டும் ஒரு கோடி ஹெக்டர்.

வட்டாரக் கணக்கு இன்னும் ஏமாற்றும். 2010 முதல் 2020 வரை ஆண்டுதோறும் ஆப்பிரிக்கா 39 இலட்சம் ஹெக்டரும், தென் அமெரிக்கா 26 இலட்சமும் இழந்தன. ஆசியாவிலோ ஏறக்குறைய 12 இலட்சம் கூடிற்று. ஆசியா முழுவதும் காடு தழைக்கிறது எனக் கருதிவிடக்கூடாது. சீனா ஒன்றே ஆண்டுக்கு 19 இலட்சம் ஹெக்டர் கூட்டியது. அதே காலத்தில் இந்தோனேசியா ஆண்டுக்கு ஏழரை இலட்சம் இழந்தது. ஒரு நாட்டில் நட்ட கன்று, இன்னொரு நாட்டில் வீழ்ந்த பெருமரத்தைக் கணக்கில் மறைத்துவிடுகிறது.

நம் மலேசியாவைப் பாருங்கள். 1990 இல் சுமார் 18 இலட்சம் ஹெக்டராக இருந்த இரப்பர், 2020 இல் 11 இலட்சமளவே. அவற்றுள் பெரும்பகுதி செம்பனையாயிற்று. அங்ஙனம் மாறிய ஒவ்வொரு தோட்டமும், இயற்கைக் காட்டில் ஒரு மரமும் வெட்டப்படாதபோதே, அவ்வேட்டில் காட்டிழப்பு! கம்போடியாவிலோ 2000 க்குப் பின் இயற்கைக் காடுகளை அழித்து இரப்பர் நட்டார்கள்; அங்ஙனம் இரப்பர் நட்ட நிலம் அவ்விலக்கணப்படி காடாகவே நிற்கும். அறிக்கையில் இயற்கைக் காடு, நட்ட காடு என இரு பத்திகள் தனித்தனியே உண்டு. செய்தித்தாளில் வருவதோ பெரும்பாலும் மொத்தம் மட்டுமே. நாட்டு நிலத்தில் பாதியேனும் காடாக இருக்கும் என 1992 இல் ரியோ மாநாட்டில் மலேசியா உறுதி கூறியது. அதனை எந்தப் பத்தியைக் கொண்டு அளப்பது என்பது சிறிய கேள்வியன்று.

நம் பிழைப்பையும் இது தொடுகிறது. 2023 இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டம், 2020 டிசம்பர் 31 க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த இரப்பருக்குத் தன் சந்தையை மறுக்க வகைசெய்கிறது. அச்சட்டத்தில் இரப்பர்த் தோட்டம் காடன்று, விவசாய நிலம். ஆகவே இயற்கைக் காட்டை வெட்டி இரப்பர் நட்டால் அது அழிவே. பல்லாண்டுகளுக்கு முன் திறந்த தோட்டங்களுக்கு இதனால் அச்சமில்லை. ஆயினும் எந்நிலத்தில் விளைந்தது என்பதைக் காட்டியாக வேண்டும். உங்களுள் சொந்தமாகச் சிறு நிலத்தில் இரப்பர் வைத்திருப்போர் நிலப்பட்டாவையும், மரம் நட்ட ஆண்டைக் காட்டும் தாள்களையும் பத்திரப்படுத்தி வையுங்கள். பால் வாங்குவோர் அவற்றைக் கேட்கக்கூடும்.