பொருந்தியதற்குப் பிறகு கேட்க வேண்டியது



2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவையில் ஒரு சிறுமி கடத்திக் கொல்லப்பட்டாள். நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பில் பாடசாலை மாணவன் ஒருவன் உட்படச் சிலர் பிடிபட்டார்கள். பின்னர் வேறொருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்ததும், வழக்கு முடிந்துவிட்டதென்றே பலரும் நம்பினார்கள். மரபணு (டி.என்.ஏ.) பரிசோதனை மாணவனையும் விலக்கியது, ஒப்புக்கொண்டவரையும் விலக்கியது. பொருந்தியது அவருடைய சகோதரரின் மாதிரி. 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அந்தச் சகோதரருக்கு மரண தண்டனை விதித்தது. பொலிஸாரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று நமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு ஏன் சொல்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய வழக்கு வேறில்லை.

இந்த விஞ்ஞானத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதனாலேயே அதன் எல்லையைச் சொல்ல வேண்டிய கடமையும் நமக்கு உண்டு. உடலில் கிடைக்கும் இரத்தம், விந்து போன்றவை ஒரு வகை. கதவுப் பிடியிலும் கத்திக் காம்பிலும் ஒட்டியிருக்கும் தொடுகைத் தடயம் வேறு வகை. ஒரு மனிதக் கலத்தில் ஏறத்தாழ 6 பிக்கோகிராம் டி.என்.ஏ. இருக்கிறது, பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. பதினைந்து, இருபது கலங்களை வைத்துக்கொண்டே இன்று ஆய்வுகூடம் ஒருவரை அடையாளங்காண முயல முடியும். ஆனால் அக்கலங்கள் அங்கே எப்படி வந்தன, எப்போது வந்தன என்று அந்த அறிக்கையால் சொல்ல முடியாது.

2012இல் கலிபோர்னியாவில் ஒரு செல்வந்தர் தம் வீட்டில் கொல்லப்பட்டார். அவருடைய நகங்களில் கிடைத்த டி.என்.ஏ. வீடற்ற ஒருவருடையது என்று தெரிந்தது. கொலைக் குற்றச்சாட்டோடு அவர் மாதக்கணக்கில் சிறையில் இருந்தார். கொலை நடந்த இரவில் அவர் போதையில் மயங்கி வைத்தியசாலையில் கிடந்தார் என்பது பிறகுதான் வெளிவந்தது. அவரை அங்கே கொண்டுசேர்த்த அம்புலன்ஸ் பணியாளர்களே சில மணி நேரத்தின் பின் கொலையுண்டவரின் வீட்டுக்கும் சென்றிருந்தார்கள். பரிசோதனையில் பிழை எதுவும் இல்லை என்பதை இங்கே நன்றாகக் கவனியுங்கள். அந்தக் கலங்கள் உண்மையிலேயே அவருடையவைதான். அவர் மட்டும் அங்கே போகவில்லை.

இந்தப் பொருளை வத்தேகமையில் வைத்துப் பேசுவதில் எனக்குத் தனி அக்கறை உண்டு. பன்விலை, மடுல்கலைப் பக்கத் தோட்டங்களில் ஒரு கவ்வாத்துக் கத்தி எத்தனை கைகள் மாறும்? லயத்தில் ஒரே சுவரின் இருபுறமும் இரண்டு குடும்பங்கள். பீலி பொது, வாசல் பொது. அடுத்த காம்பிராக்காரனின் கலங்கள் என் சட்டையில் இருப்பது அங்கே அன்றாட வாழ்க்கை. அப்படிப்பட்ட இடத்தில் எடுத்த மாதிரியில் மூன்று நான்கு பேரின் கலவை வந்தால், அதிலிருந்து ஒருவரைப் பிரித்துக் காட்டுவது கணக்கீட்டையும் அனுமானத்தையும் சார்ந்தது. மழையும் ஈரமும் மாதிரியைச் சிதைக்கும் என்பதும் இம்மலைநாட்டில் மறக்கத்தக்கதல்ல. ஈரத் துணியைப் பொலித்தீன் பையில் கட்டி அனுப்பினால் ஆய்வுகூடத்தை அடைவது பூஞ்சணம்தான். உலரவைத்துக் கடதாசி உறையில் இட வேண்டும்.

மாதிரி எடுக்கும் பருத்திக் குச்சி தயாராகும் இடத்திலேயே அதில் ஒரு தொழிலாளியின் டி.என்.ஏ. ஒட்டியதால், இல்லாத ஒரு கொலைகாரியை ஜெர்மன் பொலிஸார் 2009 வரை பல ஆண்டுகள் தேடினார்கள். கிருமி நீக்கியது வேறு, டி.என்.ஏ. அற்றது வேறு.

ஆகவே விசாரணை அதிகாரிகளிடம் கேட்கிறேன்: ஒவ்வொரு பொருளுக்கும் கையுறையை மாற்றுங்கள், யார் எதைத் தொட்டார் என்பதை எழுதிவையுங்கள். நிபுணர்களிடம் கேட்கிறேன்: கிடைத்த அளவையும் கலவையையும் அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சட்டத்தரணிகளே, யாருடையது என்ற விடையோடு அமர்ந்துவிடாதீர்கள். எப்படி வந்தது என்று குறுக்கு விசாரணையில் கேளுங்கள். கூண்டில் நிற்கும் தோட்டத் தொழிலாளிக்கு நிபுணர் சொன்னது தமிழில் முழுமையாக மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்று வற்புறுத்துங்கள். அது அவருடைய உரிமை.

முதல் அமர்வில் தடயச் சேகரிப்பையே எடுத்துக்கொள்வோம். கருத்தரங்கைத் தொடக்கிவைக்கிறேன்.