கூதிர்காலத்துத் திருப்பணிகளும் தாய்மொழி எழுத்தும்

(சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



லுத்தரன் திருச்சபையைச் சார்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் என்னென்ன பணிகள் செய்கின்றன என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். பல சமயத்தவரும் கூடியுள்ள இந்த அவையில் ஒரு சமயத்தின் வழிபாட்டை விரித்துரைப்பது பொருந்துமோ என்று முதலில் தயங்கினோம். எண்ணிப் பார்த்தபோது, எங்கள் சபையில் இன்று எழுந்துள்ள கவலை எங்களுடையது மட்டுமன்று, கரமனையில் குடியேறி வாழும் தமிழர் பலருடைய வீட்டுக் கவலையும் அதுவே என்று தோன்றிற்று. ஆகவே துணிந்து வந்துள்ளோம்.

மேல்நாட்டார் இப்பருவத்தை இலையுதிர்காலம் என்பர். நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த காலத்தைக் கூதிர் என்றனர். கரமனையில் இலை உதிர்வதில்லை. பிற்பகலில் கிழக்கே மலைப்பக்கம் கறுத்து, இடி முழங்கி, மாலையில் துலாவர்ஷம் கொட்டுகிறது. நாஞ்சில் நாட்டிலோ கன்னிப்பூ அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்திருக்கும். எங்கள் சபையின் ஆண்டில் வேலை மிகுந்த காலமும் இதுவே.

நாங்கள் யார் என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். டென்மார்க்கு அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்கு, புளுட்சோ என்னும் இரு ஜெர்மானியர் 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். தமிழகத்து லுத்தரன் சபைகளுக்கு அதுவே தொடக்கம். தென்திருவிதாங்கூரில் உள்ள எங்கள் கிளைக்கு வழி வேறு. அமெரிக்காவின் மிசௌரி சங்கத்தார் 1895இல் கிருஷ்ணகிரிப் பக்கம் பணி தொடங்கி, 1907இல் நாகர்கோவிலுக்கு வந்தனர். அப்பணியின் பயனாய் 1958இல் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அமைந்தது. ஆம்பூர், நாகர்கோவில், திருவனந்தபுரம் என மூன்று வட்டாரங்கள் அதில் உண்டு.

எங்கள் பெற்றோர் நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்பை நாடி இங்கு வந்தவர்கள். அந்நாளில் அது ஓரூர் விட்டு மற்றோரூர் வந்ததே தவிர, வேற்று நாட்டுக்கு வந்ததன்று. இரண்டும் ஒரே திருவிதாங்கூர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவனந்தபுரம் கேரளத்தில் நின்றது. உறவினர் ஒரு மாநிலத்திலும் நாங்கள் ஒரு மாநிலத்திலும் ஆனோம்.

இனி எங்கள் பணிகளைச் சொல்லுவோம். முதலாவது அறுப்பின் பண்டிகை. நெல், தேங்காய், வாழைக்குலை, மரச்சீனி, சேனை, கோழி என அவரவர் இயன்றதைக் கொணர்ந்து ஆலயத்தில் படைப்பர். வயல் இல்லாதவர் கடையில் வாங்கியாவது ஒன்று கொண்டுவருவர். ஆராதனை முடிந்ததும் அவை ஏலம் விடப்படும். ஐம்பது ரூபாய் பெறாத பூசணிக்காய் ஐந்நூறுக்குப் போவதும் உண்டு. அத்தொகை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கும் நோயாளிகளின் மருந்துக்கும் செல்லும்.

இரண்டாவது பெண்கள் சங்கத்தாரின் பிடி அரிசி. ஒவ்வொரு நாளும் உலையில் அரிசி இடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலத்தில் இடுவர். மழைக்காலத்தில் கூலிவேலை குறையும் வீடுகளுக்கு அந்த அரிசி போய்ச் சேரும். எந்த வீட்டுக்குப் போயிற்று என்பதைக் கொடுத்தவர் அறியார். தனித்து வாழும் முதியோரையும் படுக்கையில் இருப்போரையும் சென்று கண்டு, வேதம் வாசித்து, ஜெபித்து வருவதும் இத்தாய்மார் பணியே.

மூன்றாவது அக்டோபர் 31. மார்ட்டின் லூதர் 1517இல் தம் 95 கருத்துரைகளை வெளியிட்ட நாளாதலின் அதைத் திருச்சபைச் சீர்திருத்த நாளாகக் கொண்டாடுகிறோம். அன்று சிறுவர் லூதரின் சிறிய ஞானோபதேசத்தை மனப்பாடமாய் ஒப்புவிப்பர். மறுநாள் நவம்பர் முதல் நாள், பரிசுத்தவான்களின் திருநாள். அதையொட்டி, முன்சென்றோரை நினைந்து நன்றி செலுத்துவோம். கார்த்திகை நடுவில், கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்கு ஞாயிறுகளாகிய ஆயத்தகாலம் தொடங்கும். வாலிபர்கள் ஞானப்பாட்டுகளையும் கீர்த்தனைகளையும் பழகி, மார்கழிக் குளிரில் வீடுவீடாய்ப் பஜனை செல்வர்.

இவ்வளவும் ஒழுங்காய் நடப்பதாகவே வெளியே தோன்றும். உள்ளே ஒன்று இற்றுக்கொண்டிருந்தது. அதை நாங்கள் கண்டறிந்தது சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சீர்திருத்த நாளன்று.

அன்று ஒரு சிறுமி ஞானோபதேசப் பகுதியைத் தமிழில் பிழையின்றி ஒப்புவித்தாள். அனைவரும் மகிழ்ந்தனர். குருவானவர் அவளை அழைத்து, அன்றைய வேதபாடத்தைச் சபை முன் வாசிக்கச் சொன்னார். அவள் புத்தகத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், தலை குனிந்தாள். கையிலிருந்த தாளைக் கண்டபோதுதான் தெரிந்தது, தமிழ் வாசகத்தை அவள் மலையாள எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்திருந்தாள். பின்னர் விசாரித்ததில், சபைச் சிறுவர்களுள் பெரும்பாலோர் நிலை அதுவே. பேசுவர், பாடுவர், வாசிக்க அறியார்.

பிறரைக் குறை கூற நாங்கள் வரவில்லை. அச்சிறுமி எங்கள் மகளே.

அவ்வாரத்திலேயே வீட்டில் இன்னொன்று நேர்ந்தது. எங்கள் தாயார் விட்டுச்சென்ற வேதாகமத்தின் முதல் ஏட்டில், எங்கள் குடும்பத்தார் வழக்கப்படி, பிறப்பும் ஞானஸ்நானமும் இறப்பும் அவர் கையெழுத்தில் பதிவாகியுள்ளன. குழந்தையாயிருக்கையில் இறந்துபோன எங்கள் தமையன் பெயரும் அதில் உண்டு. பரிசுத்தவான்களின் திருநாளன்று மாலை மகள் அவ்வேட்டைத் திறந்து, "அப்பா, பாட்டி இங்கே என்ன எழுதியிருக்கிறார்கள்?" என்று கேட்டாள். நாங்கள் வாசித்துக் காட்டினோம். எங்களுக்குப் பின் அதை யார் வாசித்துக் காட்டுவார் என்ற கேள்வி அன்றிரவு எங்களை உறங்கவிடவில்லை. அலுவலகம், முறைமாற்றுப் பணி, பள்ளிப் பாடம் என்று ஏதேதோ காரணம் சொல்லி, பத்தாண்டுகளாய் ஓர் அகரம் கற்பிக்கத் தவறியவர் நாங்களே அன்றோ!

சபைக் கூட்டத்தில் இப்பொருள் வாதத்துக்கு வந்தது. பாட்டுகளை மலையாள எழுத்தில் அச்சிட்டுவிடலாம் என்றனர் இளைஞர் சிலர். அதில் நியாயம் உண்டு. மலையாளத்தில் ழகரமும் றகரமும் இருத்தலின் ஒலி கெடாது. ஆராதனையையே மலையாளத்துக்கு மாற்றிவிடலாம் என்றார் ஒரு பெரியவர். அவர் சொன்ன காரணம் எங்களைத் திகைக்க வைத்தது. "மக்கள் அறிந்த மொழியில் வேதம் இருக்க வேண்டும் என்பதற்காகவே லூதர் 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மானியத்தில் பெயர்த்தார். நம் பிள்ளைகள் அறிந்த எழுத்து மலையாளமாயின், தமிழை வற்புறுத்துவது லூதருக்கே மாறன்றோ?" என்று அவர் கேட்டார்.

அக்கேள்விக்கு விரைந்து விடை சொல்ல இயலவில்லை. பல நாள் சிந்தித்தோம். நாங்கள் கண்ட விடை இது. எங்கள் பிள்ளைகள் வீட்டில் சிரிப்பதும் அழுவதும் சண்டையிடுவதும் தமிழில்தான். கனவில் உளறுவதும் தமிழில்தான். ஆகவே அவர்கள் அறிந்த மொழி தமிழே. அறியாதது எழுத்து ஒன்றே. என்றேனும் ஒருநாள் எங்கள் இல்லங்களின் மொழியே மலையாளமாகிவிடுமாயின், அன்று மலையாளத்தில் ஆராதிப்பதே முறை. அதற்காக ஒருவரும் கண்ணீர் விட வேண்டுவதில்லை. அதுவும் இனிய மொழி, எங்களுக்குச் சோறிட்ட மொழி. ஆனால் வாயில் மொழி உயிரோடிருக்கையில், பெற்றோரின் சோம்பலால் கண்ணுக்கு மட்டும் அதை மறைப்பது பெரும் பிழை. மலையாள எழுத்தில் யாரேனும் பெயர்த்துக் கொடுத்தவற்றை மட்டுமே அப்பிள்ளை வாசிக்கும். பாட்டியின் கையெழுத்தை யார் பெயர்த்துக் கொடுப்பார்?

லூதர் சிறிய ஞானோபதேசத்தை எழுதியதற்கும் ஒரு காரணம் உண்டு. அவர் 1528இல் சாக்சனி நாட்டுக் கிராமச் சபைகளைப் பார்வையிடச் சென்றபோது, மக்களும், குருமாருள் சிலருங்கூட, அடிப்படைப் போதனையையே அறியாதிருக்கக் கண்டு வருந்தினார். மறு ஆண்டே அந்நூல் வெளிவந்தது. வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிய முறையில் கற்பிக்க வேண்டியது என்று அதன் பகுதிகளின் தலைப்பிலேயே குறித்தார். பொறுப்பைப் பள்ளியின்மேலும் குருவின்மேலும் மட்டும் ஏற்றாமல் வீட்டின்மேலும் ஏற்றினார். ஆண்டுதோறும் அந்நூலைப் பிள்ளைகளை ஒப்புவிக்கச் சொன்ன நாங்கள், எங்களுக்கென்று எழுதிய அத்தலைப்பைக் கவனித்ததில்லை!

சீகன்பால்கும் இதில் எங்களுக்கு வழிகாட்டி. தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு இருபத்து நான்கு வயது நிறைய ஒருநாளே குறைவு. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. முதிய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக் கற்றார். ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுத்து, 1708இல் தம்மிடமிருந்த தமிழ் நூல்களுக்கு அட்டவணை வகுத்தார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டு இன்றும் நிற்கிறது. கடல் கடந்து வந்த ஒருவர் மணலில் எழுதிக் கற்ற எழுத்தை, அம்மொழிக்கே பிறந்த பிள்ளைகள் கற்க இயலாதா?

தமிழெழுத்துக்கும் நாம் வாழும் இந்த மண்ணுக்கும் உறவில்லை என்று எவரும் கருத வேண்டா. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறி இன்று கிடைக்கும் முதல் நூலாகிய தம்பிரான் வணக்கம், 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் அச்சானது கொல்லத்தில்! ரயில்வேயில் பணிபுரியும் எங்களுள் பலர் அந்நிலையத்தை நாள்தோறும் கடந்தும் இதை அறியாதிருந்தோம். தமிழில் பக்திப் பாடல்கள் இயற்றிய நீலகண்ட சிவன் வாழ்ந்தது இதே கரமனையில். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து எழுந்தருளும் சரஸ்வதி தேவியின் ஊர்வலம் ஆண்டுதோறும் கரமனை வழியாகத்தான் நகருக்குள் செல்கிறது. எங்கள் பெற்றோர் மூட்டையோடு வந்ததும் அதே நாகர்கோவில் சாலையே.

அவ்வூர்வலத்தைக் கண்டுதான் ஓர் எண்ணம் எங்களுக்குத் தோன்றிற்று. கேரளத்தார் விஜயதசமியன்று தட்டில் அரிசி பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத்தறிவிப்பர். கிறிஸ்தவ ஆலயங்கள் சிலவற்றிலும் இன்று அது நடக்கிறது. நாங்கள் அறுப்பின் பண்டிகைக்கு மறுவாரச் சனிக்கிழமை தொடங்கினோம். எங்கள் தெருவில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், சைவ நெறியில் நிற்பவர், கற்பிக்க இசைந்தார். பெண்கள் சங்கத்தார் அரிசித் தட்டுகள் கொண்டுவந்தனர். எழுதி முடித்த அரிசியைத் திரும்பக் கலத்திலிட்டுக் கொடுக்க வேண்டிய வீடுகளுக்கே கொடுத்தோம்.

இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்றதும் பிள்ளைகள் அஞ்சினர். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. எஞ்சியவை சேர்க்கையே என்று அம்மையார் கூறி அச்சம் நீக்கினார். மலையாளம் அறிந்த பிள்ளைகளுக்கு இவ்வமைப்பு புதிதன்று. ஐப்பசி பிறந்தது முதல் கிறிஸ்து பிறப்பு வரை ஏறத்தாழப் பத்துச் சனிக்கிழமைகள். ஒன்பது பிள்ளைகளோடு தொடங்கினோம். இருவர் மழையைச் சாக்கிட்டு நின்றுவிட்டனர். ஒருவனுக்கு லகர ளகர வேறுபாடு இன்னும் வசப்படவில்லை. பெருவெற்றி என்று சொல்ல மாட்டோம்.

ஆயினும் ஆயத்தகாலத்தின் நான்காம் ஞாயிறன்று எங்கள் மகள் பீடத்தருகே நின்று வேதபாடத்தைத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து வாசித்தாள். எழுத்தெழுத்தாய்த் தடுமாறியே வாசித்தாள். ஐந்து நிமிடத்துக்குரியது பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. சபையில் ஒருவரும் அசையவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி மட்டும் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்கூட்டியே உதடசைத்துக் கொண்டிருந்தார். அன்றிரவு மகள் பாட்டியின் வேதாகமத்தை எடுத்து, முதல் ஏட்டிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாய் எங்களுக்கு வாசித்துக் காட்டினாள்.

பெரியோர்களே! எங்கள் வேண்டுகோள் ஒன்றே. வரும் ஐப்பசியில் இவ்வகுப்பை எங்கள் சபைக்கு மட்டும் உரியதாக வைத்திராமல், சங்கத்தின் வகுப்பாகவே நடத்த இடம் தாருங்கள். சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் இம்மண்டபம் போதும். அக்கிரகாரத்துப் பிள்ளையும், கடைத்தெருப் பிள்ளையும், எங்கள் பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்து எழுதட்டும். கற்றபின் ஒருவன் தேவாரம் வாசிக்கலாம், ஒருவன் வேதாகமம் வாசிக்கலாம், ஒருவன் செய்தித்தாள் மட்டுமே வாசிக்கலாம். அது அவரவர் விருப்பம். அரிசியும் தட்டும் எங்கள் பெண்கள் சங்கத்தார் தருவர்.