பாத்திரம் கழுவுவதிலும் பக்தி உண்டு



ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிறது. வீட்டில் உறவினர்கள் கூடுகிறார்கள். கோழிக் குழம்பு, ரசம், அப்பளம், பாயாசம் என்று விருந்து நடக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் கூடத்தில் அமர்ந்து அன்றைய பிரசங்கத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். சமையலறைக் குழாயடியில் ஒருத்தி மட்டும் நிற்கிறாள். அவள் முன்னே எண்ணெய்ப் பிசுக்கோடு தட்டுகள், டம்ளர்கள், அடிபிடித்த சோற்றுப் பானை. கூடத்தில் நடப்பது பக்தி, இங்கே நடப்பது வேலை என்று அந்த வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். பல நேரங்களில் அவளும் அப்படித்தான் நினைக்கிறாள். அது சரிதானா?

பிரான்சு நாட்டில் 17ஆம் நூற்றாண்டில் ஒருவர் இருந்தார். நிக்கோலா எர்மான் என்பது பெயர். லொரேன் பகுதியைச் சேர்ந்த ஏழை. முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்து காலில் காயம்பட்டு, வாழ்நாள் முழுவதும் நொண்டி நடந்தவர். பிறகு ஒரு பெரிய மனிதர் வீட்டில் ஏவலாளாக இருந்தார். எதை எடுத்தாலும் போட்டு உடைக்கிற தடியன் என்று தம்மைப் பற்றி அவரே சொல்லிக்கொண்டார்! 1640இல் பாரிஸ் நகரில் கார்மேல் துறவற சபையின் மடத்தில் சேர்ந்தார். அங்கே அவர் சகோதரர் லாரன்ஸ் ஆனார்.

மடத்தில் அவருக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? சமையலறை! பாத்திரங்களைப் போட்டு உடைக்கிறவருக்குப் பாத்திரங்களோடுதான் வேலை. அந்த வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. பிடிக்காத அந்த இடத்தில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் இருந்தார். மடத்துக்குத் திராட்சரசம் வாங்க அவரைப் பர்கண்டிக்கும் அனுப்பினார்கள். நொண்டிக் காலோடு படகில் நடக்க முடியாமல் பீப்பாய்களின் மேல் உருண்டு உருண்டுதான் அவரால் நகர முடிந்தது.

இந்த மனிதர் கண்டது ஒன்றுதான். முழங்காலில் நின்று ஜெபிக்கும்போது ஆண்டவர் எவ்வளவு அருகில் இருக்கிறாரோ, பானை சட்டிகள் உருளும் சத்தத்தில், நாலு பேர் நாலு பக்கம் கூப்பிடும் அவசரத்திலும் அவ்வளவு அருகில் இருக்கிறார். சட்டியில் முட்டைப் பணியாரத்தைத் திருப்பிப் போடுவதைக்கூட ஆண்டவர்மீது கொண்ட அன்புக்காகவே செய்வதாக அவர் சொல்வார். ஜோசப் தெ போஃபோர் என்ற குரு 1666இல் அவரைச் சந்தித்துப் பேசி, பேசியதை எழுதி வைத்தார். லாரன்ஸ் 1691இல் இறந்த பிறகு அந்த உரையாடல்களும் அவருடைய கடிதங்களும் அச்சேறின. கத்தோலிக்கத் துறவி ஒருவரின் பேச்சை மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம்முடைய நூல் வரிசையில் சேர்த்தார். சமையலறைக்குச் சபை வேற்றுமை கிடையாது போலும்!

ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த அமைதி அவருக்கு ஒரே நாளில் கிடைக்கவில்லை. முதல் பத்து ஆண்டுகள் மிகவும் வேதனைப்பட்டதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். மனம் ஓடும், திரும்பக் கொண்டுவருவார், மீண்டும் ஓடும்.

அடிபிடித்த பானையைக் கழுவுகிறவர்களுக்கு இது புரியும். அவசரப்பட்டுச் சுரண்டினால் கை வலிக்கும், பானையிலும் கீறல் விழும். வெந்நீர் ஊற்றி ஊறவைத்து விட்டு, டம்ளர்களை முதலில் முடித்து, கடைசியில் அதற்கு வந்தால் கருகியது தானாக உரிந்து வரும். வீட்டில் முரண்டு பிடிக்கிற மகனிடம் காலை முதல் மாலை வரை சுரண்டிக்கொண்டே இருக்கிற பெற்றோர், அந்தப் பானையை ஒருமுறை பார்க்கட்டும்.

டம்ளரின் வெளிப்புறம் துடைத்தால் பளபளக்கும். பால் ஒட்டியிருப்பது உள்ளே அடியில், விரல் எட்டாத இடத்தில். பாத்திரத்தின் உட்புறத்தை முதலில் சுத்தமாக்கச் சொல்லி இயேசு பரிசேயரைக் கண்டித்ததை மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறவர்கள் பலர். அதை வாசித்துவிட்டு ஒரு டம்ளரையாவது கழுவிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இங்கேதான் சிக்கல். பாத்திரம் கழுவுவதில் பக்தி உண்டு என்று கூடத்தில் உட்கார்ந்தபடி சமையலறைக்குச் சொல்லி அனுப்புவது வேறு. லாரன்ஸ் அதை ஈரக் கையோடு சொன்னார். பிறருக்குப் போதிக்கவில்லை, தம்முடைய பிடிக்காத வேலையைப் பற்றிச் சொன்னார். அந்தப் பாடத்தை எடுத்து, களைத்துப்போன மனைவியின் வாயை அடைக்கப் பயன்படுத்தினால் அது பாடமே அல்ல.

லூக்கா 10ஆம் அதிகாரத்தில் மார்த்தாள் முறையிட்டது வேலையைப் பற்றி மட்டுமா? தன்னைத் தனியே விட்டுவிட்டார்கள் என்றுதான் முறையிட்டாள். பற்பல வேலைகளால் மனம் கலங்குகிறாய் என்று அவளைக் கடிந்துகொண்ட அதே இயேசு, பின்னொரு நாள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்துச் சீடர்களின் கால்களைக் கழுவினார். பேதுரு வேண்டாம் என்று தடுத்தான். எழுந்துபோய், "கொடுங்கள், நான் கழுவுகிறேன்" என்று பாத்திரத்தை வாங்கிக்கொள்ள அவனுக்கும் தோன்றவில்லை, மற்றவர்களுக்கும் தோன்றவில்லை.

உயிர்த்தெழுந்த பிறகும் பாருங்கள். இரவெல்லாம் வலை வீசிவிட்டு அதிகாலையில் கரைக்கு வந்த சீடர்கள் கண்டது கரிநெருப்பு, அதன்மேல் மீன், கூடவே அப்பம். மரணத்தை வென்றவர் அடுப்பு மூட்டியிருந்தார். வலையில் பெரிய மீன்கள் 153 இருந்தன என்று எண்ணி எழுதிவைத்த யோவான், சாப்பிட்டு முடிந்ததும் யார் எடுத்துவைத்தார்கள், யார் கழுவினார்கள் என்று மட்டும் எழுதவில்லை.